ஆணையை காட்டச் சொல்லுங்க: வாசகர் கல்வி கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்ததான் சுத்துது. ஸ்கூலையும் காலேஜையும் யாரு கண்காணிக்கிறாங்க, தப்பு நடந்தா எந்த ஆபீஸுக்கு போகணும்ங்கறது. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். பேரு போட வேணாம்னு நிறைய பேர் சொல்லியிருந்ததால யாரு பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

எங்க தெருவுலேயே ஒரு நர்சரி பிரைமரி ஸ்கூல் இருக்கு, பீஸ் கம்மி, நடந்தே விட்டுட்டு வந்துடலாம். போர்டுல ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ன்னு பெருசா எழுதியிருக்கு. அத நம்பி எல்.கே.ஜி. சேக்கலாமா? – ஒரு அம்மா, கும்பகோணம்

போர்டை நம்பாதீங்கம்மா. அங்கீகாரம்ங்கறது எழுத்துல குடுக்குற ஒரு ஆணை. அதுல நம்பர் இருக்கும், தேதி இருக்கும், எந்த கிளாஸ்ல இருந்து எந்த கிளாஸ் வரைக்கும்னு இருக்கும், முக்கியமா எந்த தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். அட்மிஷன் போடுறதுக்கு முன்னாடி ஆபீஸ் ரூம்ல ‘அங்கீகார ஆணைய காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்’னு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க, உங்க புள்ளைய நாள் பூரா அங்க விடப்போறீங்க. ‘ரினியூவலுக்கு போட்டிருக்கோம், வந்துடும்’னு சொன்னாங்கன்னா பழசு எந்த தேதியோட முடிஞ்சுது, எப்ப விண்ணப்பிச்சீங்கன்னு அடுத்த கேள்விய கேளுங்க. சில பேரு யுடைஸ் நம்பர காட்டுவாங்க, 33ல ஆரம்பிக்கிற 11 இலக்க நம்பர், அது கணக்கெடுப்புக்கு குடுக்குறது, அங்கீகாரம் இல்லாத ஸ்கூலுக்கும் அது இருக்கலாம், அத வச்சு முடிவு எடுக்காதீங்க.

அந்த ஆணைக்கு பின்னாடி நாலு சான்று இருக்கணும். கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் ஆபீஸ்ல வாங்குற கட்டட உரிமம், தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று. இதெல்லாம் ஒரு தடவ வாங்கி பீரோல பூட்டி வைக்கிற சமாச்சாரம் கிடையாது, கெடு முடிஞ்சா புதுப்பிக்கணும், புதுப்பிக்கிறப்ப அதிகாரி நேர்ல வந்து பாக்கணும்ங்கறதுதான் அதோட உயிரே.

உங்க ஊர்க்காரங்களுக்கு இது ஏன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2004 ஜூலை 16, காசிராமன் தெரு, ஸ்கூல் தீல 94 பிள்ளைங்க போயிட்டாங்க. சமையல் பண்ற இடத்துல கீத்துக் கூரைல புடிச்ச தீ மாடி வகுப்பு கூரைக்கு ஏறிடுச்சு, ஒரே கட்டடத்துக்குள்ள ஒண்ணுக்கு மேல ஸ்கூல், அத்தன பிள்ளைங்களும் இறங்க குறுகலான படி. அந்த வழக்குல நிர்வாகத்தோட சேத்து கல்வித்துறை அதிகாரிங்களும் குற்றம் சாட்டப்பட்டாங்க, 2014லதான் தஞ்சாவூர் கோர்ட்டுல தீர்ப்பு வந்துச்சு. இந்த தீ விபத்த முன்ன வச்சு போட்ட வழக்குலதான் 2009ல சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க எல்லா ஸ்கூலுக்கும் தீயணைப்பு சாதனம், கட்டட பாதுகாப்பு பத்தி உத்தரவு போட்டுச்சு. தமிழ்நாட்டுல ஸ்கூல் கூரையெல்லாம் இறக்குனது அந்த புள்ளைங்க போனதுக்கு அப்புறம்தான். கீத்துக் கூரை யாரு கண்ணுக்கும் தெரியாம இருக்குற பொருளா? ஒரே ஒரு அதிகாரி மாடி ஏறிப் போய் பாத்து ‘இத எடு, இல்லன்னா ஸ்கூல் கிடையாது’ன்னு எழுதியிருந்தா போதும்னு எனக்கு இன்னைக்கும் தோணுது, அத நெனைக்கிறப்பல்லாம் மனசு ஆறல.

அதனால ஆணைய பாத்துட்டு கட்டடத்தையும் நீங்களே சுத்தி பாருங்க. இறங்க எத்தன படி, படில சாமான் அடுக்கி வச்சிருக்காங்களா, ஜன்னலுக்கு கம்பி போட்டு ஒரே கதவுல எல்லா புள்ளையும் வெளிய வரணுமா, சமையல் எங்க நடக்குது, செவப்பு சிலிண்டர்ல ரீஃபில் தேதி என்ன. சந்தேகம் வந்தா மாவட்டக் கல்வி அலுவலர்கிட்ட போங்க, 2022ல இருந்து தனியார் ஸ்கூலுக்குன்னே தனியா ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்காரு, அவருக்கு மேல முதன்மைக் கல்வி அலுவலர், நம்ம சி.இ.ஓ. வாயால சொல்லாம எழுதிக் குடுத்து நகல்ல சீல் வாங்கிக்குங்க. அங்கீகாரம் இல்லாம ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நடத்துனா ஆர்.டி.இ.ங்கற கல்வி உரிமைச் சட்டம் 18வது பிரிவுல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், அதுக்கப்புறமும் நடத்துனா நாளுக்கு பத்தாயிரம் வரைக்கும். அங்கீகாரம் இல்லாத இடத்துல படிச்ச புள்ளைக்கு நாளைக்கு டி.சி.ய எடுத்துக்கிட்டு வேற ஸ்கூலுக்கு போறப்பதான் பிரச்னையே தெரியும், பீஸ் கம்மின்னு மட்டும் பாக்காதீங்க.

குறுவைக்கு உழவு, விதை, உரம்னு கையில இருக்குறதெல்லாம் வயலுக்கு போற ஜூன் மாசத்துலதான் ஸ்கூல்லயும் மொத்த பீஸையும் கேக்குறாங்க. ரசீது ஒரு தொகைக்கு, வாங்குறது வேற தொகை. சரின்னு பையன கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாத்தலாம்னா பாக்கிய கட்டுனாதான் டி.சி.ன்னு நிக்கிறாங்க. – ஒரு விவசாயி, மன்னார்குடி

ஐயா, இது டெல்டா முழுக்க இருக்குற கஷ்டம், மேட்டூர் தண்ணியும் ஸ்கூல் பெல்லும் ஒரே மாசத்துல வந்தா விவசாயி எதுக்குன்னு குடுப்பாரு. ஆனா சட்டம் உங்க பக்கம் கொஞ்சம் இருக்கு, அத தெரிஞ்சு வச்சுக்குங்க.

பீஸ் விஷயம் மொதல்ல. 2009ல தமிழ்நாட்டுல தனியார் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு, அதுபடி ரிட்டயர்டு ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு. ஒவ்வொரு ஸ்கூலோட கணக்க, கட்டடத்த, டீச்சர் சம்பளத்த எல்லாம் பாத்து அந்த ஸ்கூலுக்குன்னு கிளாஸ் வாரியா பீஸ் எவ்வளவுன்னு ஆணை போடும், ஒரு தடவ போட்டா மூணு வருஷத்துக்கு செல்லும். அதுக்கு மேல வாங்குறது சட்டவிரோதம். ‘எங்க ஸ்கூலுக்கு கமிட்டி போட்ட ஆணைய காட்டுங்க’ன்னு கேளுங்க. ரசீது இல்லாம காசு குடுக்காதீங்க, குடுத்துதான் ஆகணும்னா பேங்க் வழியாவோ போன்லயோ அனுப்புங்க, கணக்கு நிக்கும். புகார் எழுதுறப்ப அந்த ஆதாரத்தோட நகல வச்சு கமிட்டிக்கும் சி.இ.ஓ.வுக்கும் ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. தனி ஆளா போனா பையன டார்கெட் பண்ணுவாங்களோன்னு பயம் இருக்கும், எனக்கு புரியுது, அதே கிளாஸ் பெத்தவங்க நாலஞ்சு பேரு சேந்து கையெழுத்து போட்டீங்கன்னா அந்த பயம் பாதி கொறையும்.

டி.சி. வேற விஷயம். 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, டி.சி. பீஸ் வசூல் பண்ற கருவி கிடையாது, பாக்கி இருக்குன்னு அதுல எழுதவும் கூடாது. எட்டாவது வரைக்கும் படிக்கிற புள்ளன்னா ஆர்.டி.இ. சட்டத்துலயே இருக்கு, டி.சி. வர லேட்டாச்சுன்னு சொல்லி சேக்குற ஸ்கூல் அட்மிஷன மறுக்க முடியாது. அதனால பையன நாளைக்கே அழைச்சுக்கிட்டு கவர்மெண்ட் ஸ்கூல் ஹெச்.எம்.மை பாருங்க. பழைய ஸ்கூல் எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேட்டுல, அவன் பேர தன் பட்டியல்ல இருந்து காமன் பூல்ங்கற பொதுப் பட்டியலுக்கு தள்ளணும், தள்ளலன்னா ஹெச்.எம்.மே மேல சொல்லி எடுக்க வைக்கலாம். நியாயமா கட்ட வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தா அறுப்பு முடிஞ்சு கட்டிடுங்கய்யா, அத கேக்க அவங்களுக்கு வேற வழி இருக்கு, புள்ளையோட படிப்ப புடிச்சு வச்சுக்கிட்டு கேக்கக் கூடாதுங்கறதுதான் விஷயம்.

25 சதவீத இலவச சீட்டுக்கு யாரு போடலாம்? மிஷன் ஸ்கூல்ல கேட்டா எங்களுக்கு அது கிடையாதுன்னுட்டாங்க. – வலங்கைமான்

அவங்க சொன்னது சரிதான், சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு அது பொருந்தாதுன்னு 2014லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மத்த தனியார் ஸ்கூல்ல எல்.கே.ஜி. மாதிரி ஆரம்ப வகுப்புல மட்டும், வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள, வருஷ வருமானம் ரெண்டு லட்சத்துக்கு கீழ இருக்குறவங்க, அதோட வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல வர்றவங்க ஆன்லைன்ல போடலாம். எட்டாவது வரைக்கும்தான், ஒம்போதாவதுல பீஸ் கட்டணும், அத இப்பவே மனசுல வச்சுக்குங்க. 2025ல மத்திய அரசு பணம் வராத சிக்கல்ல இந்த அட்மிஷன் அக்டோபர் வரைக்கும் தள்ளிப் போயிடுச்சு. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவுல நடக்குற இழுபறி கடைசில வலங்கைமான்ல ஒரு நாலு வயசு புள்ள தலைல வந்து விடியுது, இத யாரு செஞ்சாலும் தப்புதான்.

கிளாஸ் டீச்சரே சாயங்காலம் ட்யூஷன் எடுக்குறாங்க, போகலன்னா மார்க் கொறையுது. – பேராவூரணி

ஆர்.டி.இ. சட்டம் 28வது பிரிவு படி ஆசிரியர் தனியா ட்யூஷன் எடுக்கக் கூடாது. மார்க் கொறைச்ச பேப்பர பத்திரமா வச்சுக்கிட்டு மொதல்ல ஹெச்.எம்., அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலர். கல்வி உதவி எண் 14417க்கு போன் பண்ணியும் சொல்லலாம்.

நான் 2004ல இருந்து இடைநிலை ஆசிரியை. எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கு. டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணலன்னா வேலை போயிடும்ங்கறாங்க. இத்தன வருஷம் பாடம் நடத்துனது எல்லாம் ஒண்ணுமே இல்லையா சார்? – ஒரு ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

சகோதரி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடுறேன், வாட்ஸ்அப்ல கண்டதும் வருது. 2010 ஆகஸ்ட் 23ல தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. போட்ட அறிவிப்புலதான் ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் பாடம் எடுக்க டெட் கட்டாயம்னு வந்துச்சு, தமிழ்நாட்டுல மொத டெட் 2012 ஜூலைல நடந்துச்சு. அதுக்கு முன்னாடி சேந்தவங்களுக்கு வேணாம்னுதான் எல்லாரும் இருந்தோம். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அத மாத்திடுச்சு. ரிட்டயர் ஆக அஞ்சு வருஷத்துக்கு கீழ இருக்குறவங்க டெட் இல்லாமலே கடைசி வரைக்கும் வேலை பாக்கலாம், ஆனா பிரமோஷன் கிடையாது. அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்குறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும், இல்லன்னா ஓய்வுக்கால பலனோட வெளிய போகணும். சிறுபான்மை ஸ்கூல் விஷயத்த மட்டும் பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்காங்க. தமிழ்நாடு அரசு இதுக்கு சீராய்வு மனு போட்டுச்சு. ஆனா மனு இருக்குன்னு நம்பி படிக்காம இருந்துடாதீங்க, காலம் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். நீங்க நடத்துன பாடம் வீண் போகல. சம்பா நடவு நேரத்துல கிளாஸ்ல பாதி பெஞ்சு காலியா இருக்குறப்ப வரப்புல நடந்துபோய் புள்ளைங்கள அழைச்சுக்கிட்டு வந்த டீச்சருங்க நம்ம பக்கம் எத்தன பேர் இருக்காங்க, அத அளக்குற பரிட்சை எதுவும் இல்ல. 2004ல அரசு கேட்ட தகுதி உங்ககிட்ட இருந்துச்சு, அத வச்சுதான் வேலை குடுத்தாங்க, இருபது வருஷத்துக்கு அப்புறம் தகுதிய மாத்துனா அதுக்கான பயிற்சியையும் நேரத்தையும் அரசுதான் குடுக்கணும்ங்கறது என் அழுத்தமான கருத்து. மன்னார்குடிலயும் நாகப்பட்டினம் பக்கம் குருக்கத்திலயும் டயட்ங்கற மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கு, ஆசிரியருக்கு பயிற்சி குடுக்கறதுக்குன்னே கட்டுனது. அங்க டெட்டுக்குன்னு லீவு நாள் வகுப்பு வைக்கணும்னு உங்க சங்கம் வழியா எழுதிக் கேளுங்க.

ஆனா இன்னொன்னையும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. டீச்சருக்கு ஒரு தகுதி அளவு வேணும்ங்கறத நான் எதுக்கல, அது புள்ளைங்களோட உரிமை. தனியார் ஸ்கூல்ல டெட் இல்லாம, சில இடத்துல பயிற்சியே இல்லாம, சொற்ப சம்பளத்துக்கு எத்தன பேர வச்சு கிளாஸ் நடத்துறாங்கன்னு உங்களுக்கும் தெரியும். அங்கயும் இதே சட்டம்தான். அத யாரு போய் பாக்குறாங்க?

பரிட்சை பத்தி: முதல் தாள் 150 மார்க், 150 கேள்வி. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொண்ணுக்கும் 30. தப்பு பதிலுக்கு மார்க் கொறைக்க மாட்டாங்க, ஒண்ணையும் விடாதீங்க. ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் இருக்குற பாடப் புத்தகத்த வரி விடாம படிங்க, சமச்சீர் புத்தகம்தான் அடிப்படை. நீங்க தினமும் கையில புடிக்கிற புத்தகம் அது, வெளில இருந்து வர்றவங்கள விட உங்களுக்கு பாதி வேலை கம்மி. ஒருதடவ பாஸ் பண்ணுனா ஆயுசுக்கும் செல்லும், முன்னாடி இருந்த ஏழு வருஷ கெடு 2021லயே எடுத்துட்டாங்க.

பி.எட். காலேஜுக்கு வர வேணாம், பரிட்சைக்கு மட்டும் வந்தா போதும்னு சொல்றாங்க, அட்டெண்டன்ஸுக்கு தனியா ஒரு தொகை. நான் இப்ப ஒரு கடைல வேலை பாக்குறேன், எனக்கு இது வசதிதான். சேரலாமா? – பட்டுக்கோட்டை

சேராதீங்க தம்பி.

காரணத்த சொல்றேன். பி.எட். காலேஜுக்கு ரெண்டு இடத்து அனுமதி வேணும், என்.சி.டி.இ. அங்கீகாரம் ஒண்ணு, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோட இணைப்பு ஒண்ணு. அந்த என்.சி.டி.இ. விதிலயே இருக்கு, வகுப்புக்கு 80 சதவீதம் வருகை, ஸ்கூல்ல போய் எடுக்குற பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை. 2015ல இருந்து பி.எட்.ட ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் ஆக்குனதே ஸ்கூல் பயிற்சிக்கு நேரம் வேணும்னுதான், ரெண்டாவது வருஷத்துல 16 வாரம் ஒரு ஸ்கூல்ல நின்னு பாடம் நடத்தணும். அட்டெண்டன்ஸ காசுக்கு விக்கிற காலேஜ் அந்த 16 வாரத்த வித்துடுது. நீச்சல் தெரியாம சான்று மட்டும் வாங்குனவன ஆத்துல காவலுக்கு நிறுத்துனா எப்படி இருக்கும், அந்த மாதிரிதான் நாப்பது புள்ளைங்க முன்னாடி மொத நாள் நீங்க நிப்பீங்க.

இதுல கண்காணிப்பு எங்க கோட்டை விடுதுன்னு கேட்டா, இன்ஸ்பெக்ஷன் வர்ற தேதி காலேஜுக்கு முன்கூட்டியே தெரியுது, அன்னைக்கு எல்லாருக்கும் போன் போட்டு வரச் சொல்றாங்க, லேபும் லைப்ரரியும் அன்னைக்கு ஜொலிக்குது. சொல்லாம ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் நின்னா பாதி காலேஜோட உண்மை தெரிஞ்சுடும். இத நான் பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அதோட ஒரு கணக்கும் போட்டுக்குங்க. பி.எட். முடிச்சா ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் பாடம் எடுக்கலாம்னு சொல்லி சில பேர் சேக்குறாங்க, அது தப்பு, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் பிரைமரிக்கு தொடக்கக் கல்வி டிப்ளமோவான டி.எல்.எட். முடிச்சவங்கதான்னு சொல்லிடுச்சு. பி.எட்.டுக்கு ஆறாவதுக்கு மேலதான், அங்க எட்டாவது வரைக்கும் டெட் ரெண்டாம் தாள் வேணும், அதுக்கு மேல டி.ஆர்.பி.ங்கற ஆசிரியர் தேர்வு வாரியத்தோட போட்டித் தேர்வு. வகுப்புக்கு போகாம படிச்சவங்க அங்க நிக்கிறது கஷ்டம். வேலைய விட முடியலன்னா ஒரு வருஷம் காசு சேத்து வச்சுக்கிட்டு அடுத்த வருஷம் ரெகுலரா சேருங்க. கவர்மெண்ட், எய்டட் பி.எட். காலேஜுக்கு கவுன்சிலிங் நடக்கும், டிகிரி மார்க் நல்லா இருந்தா அதுக்கு மொதல்ல போடுங்க, பீஸ் ரொம்ப கம்மி.

என்னைய ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல உறுப்பினரா போட்டிருக்காங்க. மாசம் ஒரு கையெழுத்துதான் வாங்குறாங்க, வேற ஒண்ணும் சொல்றதில்ல. எங்க ஸ்கூல்ல அஞ்சு கிளாஸுக்கு ரெண்டே டீச்சர், ஓட்டு கட்டடம் ஒண்ணு கஜா புயல்ல இருந்து அப்படியே கெடக்கு. நாங்க என்ன பண்ண முடியும்? – வேதாரண்யம் பக்கத்து கிராமம்

நிறைய பண்ண முடியும்மா. எஸ்.எம்.சி.ங்கற இந்த மேலாண்மைக் குழு ஆர்.டி.இ. சட்டம் 21வது பிரிவுல வர்ற குழு, நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஸ்கூலுக்கு வர்ற பணம் எப்படி செலவாகுதுன்னு பாக்குறதும் ஸ்கூல் வளர்ச்சித் திட்டம் எழுதுறதும் உங்க வேலை. உங்க கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம போடாதீங்க. படிக்க நேரம் இல்லன்னா ‘இன்னொருத்தர் படிச்சுக் காட்டட்டும், அப்புறம் போடுறேன்’னு சொல்லுங்க, அத கேட்டு யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது.

மொதல்ல கட்டடம். கஜா 2018 நவம்பர் 16ல அடிச்சுது, இன்னும் அப்படியே நிக்குதுன்னா அது பக்கத்துல புள்ளைங்கள விடவே கூடாது. 2021 டிசம்பர்ல நெல்லைல ஒரு ஸ்கூல்ல கழிவறை சுவர் விழுந்து மூணு பையனுங்க செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் பாழடைஞ்ச ஸ்கூல் கட்டடத்த எல்லாம் இடிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டுச்சு. அதனால கூட்டத்துல தீர்மானம் போடுங்க: ‘இந்த கட்டடம் ஆபத்தா இருக்கு, இடிக்கணும், அதுவரைக்கும் கயிறு கட்டி தடுக்கணும்.’ நகல ஒன்றியத்துல பி.டி.ஓ.வுக்கு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு, கலெக்டருக்கு குடுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தா நம்பர் போட்டு குடுப்பாங்க, அந்த நம்பர விடாம புடிச்சுக்குங்க. உங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைல மழை கொட்டும், அதுக்குள்ள முடியணும்.

டீச்சர் விஷயத்துல, 30 புள்ளைக்கு ஒருத்தருங்கறது பிரைமரிக்கு சட்டம் சொல்ற அளவு, அறுபது வரைக்கும் இருந்தா ரெண்டு பேரு. உங்க ஸ்கூல்ல 60க்கு மேல புள்ளைங்க இருந்தா மூணாவது டீச்சர கேக்கறது உங்க உரிமை, கீழ இருந்தா கணக்குபடி ரெண்டு பேர்தான், அப்ப அஞ்சு கிளாஸ ரெண்டு பேர் எப்படி சமாளிப்பாங்கங்கறது தனி வேதனை. காலிப்பணியிடம்னு இருந்தா எஸ்.எம்.சி. வழியா தற்காலிக ஆசிரியர் போட அரசு அனுமதி குடுக்குறது உண்டு, இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 12,000. அந்த சம்பளத்துக்கு நல்ல டீச்சர் எவ்வளவு நாள் நிப்பாங்கன்னு எனக்கு கவலைதான், நிரந்தரமா போடச் சொல்லி கேட்டுக்கிட்டே இருக்கணும். சொல்ல வந்த இன்னொன்னு, டீச்சர வேற வேலைக்கு அனுப்புறாங்கன்னா சட்டம் மூணுக்குத்தான் அனுமதிக்குது, மக்கள்தொகை கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம். மத்ததுக்கு அனுப்புனா கேளுங்க.

காலை உணவு ஒழுங்கா வருதான்னும் பாருங்க. எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் அந்த திட்டத்த 2023 ஆகஸ்ட் 25ல உங்க மாவட்டத்து திருக்குவளை ஸ்கூல்லதான் தொடங்கி வச்சாங்க. ரவைல வண்டு இருக்கா, தண்ணி நல்லதாங்கறத ஒரு அம்மா பாக்குற மாதிரி எந்த அதிகாரியும் பாக்க முடியாது.

நான் கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கிறேன். எங்களுக்கு பாடம் எடுக்குறதுல நிறைய பேர் கெஸ்ட் லெக்சரர்ஸ். எங்க காலேஜ யாரு கண்காணிக்கிறாங்க, மாநிலமா மத்திய அரசா யூனிவர்சிட்டியா? கும்பகோணத்துல புது யூனிவர்சிட்டி என்ன ஆச்சு? – கல்லூரி மாணவி, கும்பகோணம்

மூணு பேரும்தான் பாப்பா, அதுலதான் சிக்கலே. பில்டிங், சம்பளம், ஆசிரியர் நியமனம் மாநில அரசோட உயர்கல்வித் துறை, அதுக்கு கீழ கல்லூரிக் கல்வி இயக்குநர், மண்டலத்துக்கு ஒரு இணை இயக்குநர். சிலபஸ், பரிட்சை, பட்டம் எல்லாம் 1982ல திருச்சில தொடங்குன பாரதிதாசன் யூனிவர்சிட்டி, தன்னாட்சி காலேஜா இருந்தா பட்டம் மட்டும். தரம் என்னங்கறத சொல்றது மத்திய அரசோட பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கல்வி 1976 வரைக்கும் மாநிலப் பட்டியல்ல இருந்துச்சு, எமர்ஜென்சி காலத்துல கொண்டு வந்த 42வது திருத்தத்துல பொதுப் பட்டியலுக்கு போயிடுச்சு, அதுல இருந்து இந்த இழுபறி நிக்கல.

கெஸ்ட் லெக்சரர் நிலைமை பாத்தா தெரியும் அது. 2019ல யு.ஜி.சி. சொன்னது மாசம் 50,000 வரைக்கும், 2023ல மாநில அரசு அவங்களுக்கு உயர்த்தி குடுத்ததே 25,000. நெட், பி.எச்டி. முடிச்சவங்க, குடும்பத்தோட அந்த காசுல ஓட்டுறாங்க, லீவு மாசத்துல அதுவும் சந்தேகம். ராமானுஜன் படிச்ச காலேஜ்னு பெருமையா பேசுற ஊர்ல கணக்கு வகுப்பு எடுக்குறவருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு தெரியாதுன்னா அது நம்ம எல்லாருக்கும் தலைகுனிவு. தரக்கட்டுப்பாடுன்னு வர்ற குழு ஃபைல் எண்ணுது, நிரந்தர ஆசிரியர் எத்தன பேருங்கற கேள்விக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம் வரணும்.

கும்பகோணத்துல கலைஞர் பேர்ல யூனிவர்சிட்டி அமைக்கிற மசோதா 2025 ஏப்ரல்ல சட்டசபைல நிறைவேறுச்சு, கவர்னர் அத ஜனாதிபதிக்கு அனுப்பி வச்சாரு, மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. யாரு வேந்தர்ங்கற சண்டை பெரியவங்க பாத்துக்கட்டும், டெல்டா புள்ளைங்களுக்கு மார்க் ஷீட்ல ஒரு எழுத்து திருத்தணும்னா கூட திருச்சிக்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறுற நிலைமை மாறணும்.

வெளிமாநில யூனிவர்சிட்டி டிகிரி, இங்க நாகப்பட்டினத்துலயே சென்டர், ஒரே வருஷத்துல முடிச்சு தரோம்ங்கறாங்க. – நாகப்பட்டினம்

மூணு வருஷ டிகிரி ஒரு வருஷத்துல வராது. ஒரு மாநிலத்து தனியார் யூனிவர்சிட்டி இன்னொரு மாநிலத்துல சென்டர் வச்சு நடத்த யு.ஜி.சி. அனுமதிக்கிறதில்ல. தபால் வழி, ஆன்லைன் படிப்புன்னா யு.ஜி.சி. வெப்சைட்ல எந்த யூனிவர்சிட்டிக்கு எந்த படிப்புக்கு எந்த வருஷம் அனுமதின்னு பட்டியல் இருக்கு, அதுல இல்லாததுக்கு பத்து பைசா கட்டாதீங்க. ஏற்கனவே கட்டியிருந்தா ரசீதோட போலீஸ்ல புகார் குடுங்க.

பொண்ணு ஒரு தனியார் காலேஜ்ல சேந்தா, பத்து நாள்ல கவர்மெண்ட் காலேஜ்ல இடம் கெடச்சுடுச்சு. இப்ப ஒரிஜினல் மார்க் ஷீட்ட தரணும்னா முழு வருஷ பீஸையும் கட்டச் சொல்றாங்க. – ஒரு அப்பா, மயிலாடுதுறை

இது இப்ப அவசரம், அதனால செய்ய வேண்டியத வரிசையா சொல்றேன். ஒரிஜினல் சான்றிதழ காலேஜ் சரிபாத்துட்டு திருப்பிக் குடுத்துடணும், வச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018லயே அறிவிப்பு போட்டிருக்கு, கட்டுன பீஸ்லயும் எவ்வளவு நாள்ல விலகுனா எவ்வளவு திருப்பணும்னு அதுலயே இருக்கு. சான்றிதழ் ஒண்ணும் அடகு வைக்கிற பொருள் இல்லன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சொல்லியிருக்கு.

இன்னைக்கே பொண்ணு கையெழுத்துல விலகல் கடிதம் எழுதுங்க, தேதி போடுங்க, ‘சான்றிதழையும் யு.ஜி.சி. விதிப்படி பணத்தையும் திருப்பித் தரவும்’னு ஒரு வரி. நேர்ல குடுத்தா நகல்ல சீல் கேளுங்க, போட மறுத்தா ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்புங்க. அன்னைக்கே யு.ஜி.சி.யோட இ-சமாதான் தளத்துல புகார் பதிவு பண்ணுங்க, இன்னொரு நகல் மண்டல இணை இயக்குநருக்கு. கலெக்டர்கிட்ட மனு குடுக்கவும் தயங்காதீங்க. இதுக்கு நடுவுல கவர்மெண்ட் காலேஜ் பிரின்சிபால பாத்து அந்த கடிதத்தையும் ஒப்புகையையும் காட்டி, ஆன்லைன்ல எடுத்த மார்க் ஷீட் பிரதிய வச்சு இடத்த நிறுத்தி வைக்க சொல்லுங்க, அவகாசத்த எழுத்துல கேளுங்க. எடுத்த எடுப்புல முழு பீஸையும் கட்டிடாதீங்க. பொண்ண அழைச்சுக்கிட்டே போங்க, கடிதத்த அவ கையாலயே குடுக்கட்டும்.